வெறும் வயிறு

செய்தி வந்தபோது பகல் பதினொன்றே கால். புத்தூரில் அகிலா கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளியில் மூன்றாவது பீரியட் முடிகிற நேரம். வகுப்புக்குள் செல்போன் கூடாது என்பதால் அவளுடையது பையோடு ஸ்டாஃப் ரூமில் கிடந்தது. அதில் கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்த அக்கா வீட்டுக்காரர் கோவர்த்தனன் மாமா, பள்ளி ஆபீஸ் நம்பரைப் பிடித்திருந்தார்.

"அகிலாம்மா, சாயங்காலம் எனக்குச் சோறு எடுத்துக்கினு வராத" என்றார். "நாங்களே வந்துட்றோம்."

ஒரு கணம் அவள் மனம் துள்ளியது. திருப்பதி ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்த அக்காவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றுதான் நினைத்தாள். "டிஸ்சார்ஜா மாமா?" என்று கேட்டும் விட்டாள். ஆஸ்பத்திரி மைக்கில் யாரையோ தெலுங்கில் கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"வண்டி பேசிட்டேன்" என்றார் மாமா. "உங்க நைனாவுக்கு நீ சொல்லிடும்மா. என்னால முடியல."

அக்கா தேவயானிக்கு நாற்பத்தொரு வயதுகூட முடியவில்லை.

நகரியில் தேவயானி என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கொக்கி அக்கா என்றால் ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையிலேயே வழி சொல்வார்கள். ஊர் டெய்லர்கள் தைத்து முடித்த ஜாக்கெட்டுகளை மூட்டையாகக் கட்டி அவளிடம் அனுப்புவார்கள். ஓரம் மடித்துக் கையால் தைப்பது, கொக்கி வைப்பது, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது எல்லாம் அவள் வேலை. பேசிக்கொண்டேதான் தைப்பாள். கண் டிவியில் இருக்கும், வாய் பக்கத்து வீட்டுக்காரியோடு இருக்கும், விரல் மட்டும் ஊசியோடு போய் வந்துகொண்டிருக்கும். பார்த்துத் தைக்கக் கூடாதா என்று யாராவது கேட்டால், "கண்ணு எதுக்கு? வெரலுக்கே கண்ணு இருக்குது" என்பாள்.

பிறந்தது ஆந்திர எல்லையில், விஜயபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா முனிசாமி அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிக் கூலி வாங்கியவர். பிறகு அரசாங்கம் பட்டா கொடுத்த துண்டு நிலத்தில் தானே கடலை போட்டார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தேவயானி பத்தாவதில் இந்தியில் பெயில். அதைச் சொல்ல அவள் வெட்கப்பட்டதே இல்லை. "தமிழும் தெலுங்கும் ஏற்கெனவே உள்ள சண்டை போட்டுக்கினு இருந்துச்சு. மூணாவதா இந்தி வந்து எட்டிப் பாத்துட்டு ஓடிப் போச்சு" என்பாள்.

பவர்லூம் ஷெட்டுகளில் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் கோவர்த்தனனைக் கட்டிக்கொண்டு நகரிக்கு வந்தாள். குழந்தை பிறக்கவில்லை. விசேஷ வீடுகளில் யாராவது அதைக் கிளறினால், மாமாவைக் கைகாட்டி, "இந்தப் புள்ளைய வளக்கவே எனக்கு நேரம் சரியா இருக்குது" என்று வாயை அடைத்துவிடுவாள். அகிலா புத்தூரில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அக்கா வீட்டில்தான் இருந்தாள்.

முதலில் தெரிந்தது ரத்தம்தான். சந்தன நிற ஜாக்கெட் ஒன்றில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். அகிலாதான் பார்த்தாள். அக்காவின் இடது கை ஆட்காட்டி விரலில் ஊசி குத்திக் குத்தி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவளோ சிரித்துப் பேசிக்கொண்டே தைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வலிக்கல?"

"என்னா வலிக்கல?"

விரலைத் தூக்கிக் காட்டியதும் வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு, "அய்யய்யோ, ஜாக்கெட்டுக்காரிக்கு என்னா சொல்றது" என்றாள். அவளுக்குக் கவலை அதுதான்.

அடுத்த வருஷம் ஒரு கண்ணில் பனி மூடினாற்போல் ஆகி, தானாகத் தெளிந்தது. அப்புறம் கால் மரத்தது. நரம்புத் தளர்ச்சி என்றார் ஒருவர், ரத்தசோகை என்றார் இன்னொருவர். மாத்திரைகள் மாறின. கடைசியில் திருப்பதியில் டாக்டர் நரசிம்மன்தான் ஸ்கேன் பார்த்துப் பெயரைச் சொன்னார்: மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். சித்தூர்க்காரர், தமிழிலேயே பேசினார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே தவறிப்போய், நரம்பின் மேல் இருக்கும் உறையைக் கடிக்கிறது. அந்த உறை பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. உறை போன இடத்தில் மூளை சொல்வது கைகாலுக்குப் போய்ச் சேராது என்று விளக்கினார்.

மாமா கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஒயர் மேல தோல் போச்சுன்னா ஷாட் ஆவுமே, அந்த மாரியா?"

"ஏறக்குறைய அதே மாதிரிதான்."

"அப்ப டேப் சுத்த முடியாதுங்களா டாக்டர்?"

டாக்டர் சிரிக்கவில்லை. "அந்த டேப்பைத்தான் உலகமே தேடிக்கிட்டிருக்கு" என்றார்.

வெளியே வந்ததும் தேவயானி ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு மல்டிப்ளெக்ஸ் வந்திருக்குதாம். நகரியில வேற யாருக்காச்சும் இருக்குதா கேளு."

அந்த நோய் எப்போது வரும், எப்போது அடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாலு மாதம் நன்றாக இருப்பாள். திடீரென்று ஒருநாள் காலையில் செருப்பு காலில் இருக்கிறதா கழன்றதா என்று தெரியாது. ஒவ்வொரு தாக்குதலும் எதையாவது எடுத்துக்கொண்டு போகும், அதில் பாதியைத்தான் திருப்பித் தரும். முன்கூட்டியே தெரிந்தால் மருந்தை மாற்றித் தடுத்துப் பார்க்கலாம். அது எப்படித் தெரியும்?

அதற்குத்தான் அந்த ஆராய்ச்சி. ரத்தத்தில் ஓடும் பலவகைக் கொழுப்புகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டே வந்தால், உள்ளே நோய் தூங்குகிறதா நகர்கிறதா என்று அதில் தெரியுமா என்று நரசிம்மனும் இன்னும் சிலரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தெரியும்னு நான் சொல்லல. தெரியுமான்னு பாக்கறோம்" என்று இரண்டு முறை சொன்னார். ஸ்கேன் வருஷத்துக்கு ஒருமுறை, ஆடி மாதத்தில். ஆனால் ரத்தத்தில் ஏதாவது கெட்ட திசையில் மாறினால் ஆடி வரை காத்திருக்க மாட்டார்கள். உடனே ஸ்கேன், உடனே வேறு மருந்து. அகிலாவுக்கு அது போதுமாக இருந்தது. இருட்டில் நடக்கிறவளுக்கு ஒரு டார்ச் லைட் கொடுத்ததுபோல் இருந்தது.

"கொழுப்பப் பாக்கவா ரத்தம்?" என்றாள் தேவயானி. "எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு எங்க ஊட்டுக்காரரு கல்யாணத்தன்னிக்கே கண்டுபுடிச்சிட்டாரே. அவரையே ஒரு வார்த்தை கேட்டுக்க வேண்டியதுதானே."

டாக்டர் அன்றைக்குச் சிரித்தார்.

ரத்தம் கொடுக்கும் நாளில் அக்காவும் தங்கையும் நகரியில் முதல் பாசஞ்சரைப் பிடிப்பார்கள். ரேணிகுண்டாவில் வண்டி நின்று, யோசித்து, மனம் வந்து கிளம்பித் திருப்பதி சேரும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கோவிந்தராஜ சுவாமி கோயில் கோபுரம். மலை ஏற முடியாத தேவயானிக்கு அந்தப் பெருமாள்தான் பெருமாள். அகிலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து, கும்பிட்டுவிட்டு, தொன்னையில் கொடுக்கிற பொங்கலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நெய் வழியும் பொங்கல். நின்றபடியே அதை வாயில் போட்டுக்கொண்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறுவாள். அகிலாவும் எடுத்துக்கொள்வாள்.

ரத்தம் எடுக்கும் பவ்யா தெலுங்குக்காரப் பெண். தேவயானிக்கு அவளைப் பார்த்தால் குஷி. பவ்யா ஊசியைக் கையில் எடுக்குமுன், ஏதாவது தின்றீர்களா என்று ஒவ்வொரு முறையும் தெலுங்கில் கேட்பாள்: "ஏமன்னா தின்னாரா அக்கா?"

"லேதம்மா. ராத்திரி துன்னதோட சரி. வயிறு காலி."

அதில் பொய்யே இல்லை. காபி குடிக்க மாட்டாள். ரயிலில் வரும் இட்லியை ஏக்கமாகப் பார்ப்பாளே தவிர வாங்க மாட்டாள். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று ராத்திரி எட்டு மணிக்கே வாயைக் கட்டிவிடுவாள். தின்பது வேறு, பிரசாதம் எடுத்துக்கொள்வது வேறு. அந்த ஊர்ப்பக்கம் இரண்டுக்கும் வினைச்சொல்லே வேறு. பக்கத்தில் நின்ற அகிலா எம்.எஸ்ஸி படித்தவள், அவளுக்கும் அது தோன்றியதில்லை.

ஒவ்வொரு முறையும் எண்கள் கொஞ்சம் மேலாகவே வந்தன. நரசிம்மன் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு இயல்பே இப்படித்தான் போல. இதிலிருந்து மாறுதான்னுதான் கவனிக்கணும்" என்றார். அக்கா அகிலாவின் இடுப்பில் கிள்ளினாள். "கேட்டியா, இயல்பே கொழுப்பாம்."

இந்த வருஷம் சித்திரை வெயில் வழக்கத்தைவிடக் கொடுமை. தேவயானிக்குக் கால் கட்டை மாதிரி ஆகிவிட்டது. கையும் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சு சிலசமயம் குழறியது. அதையும் அவளே கேலி செய்தாள்: "குடிக்காமயே குடிச்ச மாரி பேசறேன். உங்க மாமாவுக்கு பொறாமை." ரயிலேற முடியாததால் அந்தத் தடவை ரத்தப் பரிசோதனைக்கு மாமா வேன் வைத்தார். நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கே போயிற்று. வழியில் கோபுரம் தெரிந்தபோது, "இன்னிக்கு வர முடியலப்பா, கோச்சிக்காத" என்று வண்டிக்குள் இருந்தபடியே கும்பிட்டாள்.

சக்கர நாற்காலியில் அவளைப் பார்த்ததும் பவ்யாவின் முகம் வாடியது. மறைத்துக்கொண்டு, வழக்கம்போல, "ஏமன்னா தின்னாரா அக்கா?" என்று கேட்டாள்.

"லேதம்மா."

அதுவும் உண்மைதான்.

பவ்யாவின் மேஜையில் ஒரு துணிப்பை இருந்தது. தேவயானி அதை எட்டிப் பார்த்தாள். ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம், அதற்குத் தைத்த ஜாக்கெட், டெய்லர் கொக்கி வைக்காமலே கொடுத்துவிட்டான் என்றாள் பவ்யா.

"இங்க குடு. நான் வெச்சித் தர்றேன்."

"அக்கா!" என்றாள் அகிலா. ஸ்பூன் பிடிக்கவே கை நடுங்குகிறது, கொக்கியாம்.

"நீ சும்மா இரு. ஆவணிக்குள்ள ஒரு நல்ல நாள் கெடைக்காதா எனக்கு?"

பவ்யா தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாள். மாம்பழ மஞ்சள், பச்சை ஓரம்.

அந்த முறை வந்த எண்களைப் பார்த்து நரசிம்மனின் முகம் மலர்ந்தது. கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. இதுவரை பார்த்த எதையும்விடக் குறைவு. "நல்ல திசை" என்றார். கால் இப்படி ஆகிவிட்டதே என்று அகிலா கேட்டாள். இந்த நோய்க்காரர்களுக்கு உடம்பு சூடேறினாலே பழைய பலவீனமெல்லாம் தலைதூக்கும், சூடு தணிந்தால் அடங்கிவிடும். இது புதிய தாக்குதல் என்றால் ரத்தம் இப்படிச் சொல்லாது என்றுதான் நினைக்கிறேன் என்றார் நரசிம்மன். "நம்ம வெயில் அப்படி. ஆடியில ஸ்கேன் இருக்கே, அதுல பாத்துடலாம். மழை வரட்டும், எழுந்து நடப்பாங்க பாருங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கூலர் வாங்கி வைத்தார். தேவயானி அதன் முன்னால் உட்கார்ந்து, கை கேட்கிற நாட்களில் பவ்யாவின் ஜாக்கெட்டை மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். ஒரு கொக்கிக்கு ஒரு முழு மத்தியானம் ஆகும். அகிலா தைத்துத் தருகிறேன் என்றால், "ஒன் கொக்கி பவ்யா மூச்சு உட்டாலே தெறிச்சிக்கும்" என்பாள்.

மழை வந்தது. அவள் எழுந்து நடக்கவில்லை. ஆனி மாதத்தில் ஒருநாள் கஞ்சி குடிக்கும்போது இருமினாள். அடுத்த நாளும் இருமினாள். விழுங்கும் நரம்பு வரைக்கும் நோய் போய்விட்டது, கஞ்சி நுரையீரலில் இறங்கிவிட்டது என்பதெல்லாம் ஜுரம் வந்த பிறகுதான் தெரிந்தது. திருப்பதியில் அவசரமாக ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் அடித்தண்டில் புதிய புண்கள். நரசிம்மன் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். "ரத்தம் நல்லா இருந்ததேம்மா" என்றார். அகிலாவிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. பத்தாம் நாள் பகலில் மாமாவின் போன் வந்தது.

காரியமெல்லாம் முடிந்து அகிலா பள்ளிக்குத் திரும்பினாள். ஆடி கழிகிற சமயத்தில் டீச்சர்களுக்கு மருத்துவ முகாம் நடத்தினார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். வரிசையில் அகிலாவுக்கு முன்னால் தெலுங்கு டீச்சர் வெங்கடலட்சுமி. ரத்தம் எடுக்க வந்திருந்த கன்னையா கலகலப்பான ஆள்.

"ஏமன்னா தின்னாரா மேடம்?"

"லேது."

"காபி?"

"லேது லேது."

"பிரசாதம்?"

வெங்கடலட்சுமி டீச்சர் விழித்தார். முந்தின நாள்தான் மலைக்குப் போய் வந்திருந்தார். "லட்டு... கொஞ்சமா, விளக்கு ஏத்திட்டு... அது தின்றதா?"

கன்னையா கையைக் கூப்பி, அந்தக் கையாலேயே வாசலைக் காட்டினார். "நாளைக்கு ரண்டி மேடம், நாளைக்கு வாங்க. பெருமாளுக்கு உங்களத் தெரியும். இந்த மெஷினுக்குப் பெருமாளத் தெரியாது. நெய்யி உள்ள போச்சுன்னா போச்சு, கொழுப்பு ஏறித்தான் காட்டும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அகிலாவும் சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு வரவில்லை. ஏற்கெனவே சுருட்டி விட்டிருந்த ஜாக்கெட் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, வரிசையிலிருந்து விலகி, பின்னால் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கால் போனதால் கோயில் நின்றது. கோயில் நின்றதால் பொங்கல் நின்றது. பொங்கல் நின்றதால் எண் இறங்கியது. எண் இறங்கியதைப் பார்த்து டாக்டர் சந்தோஷப்பட்டார்.

கணக்கு டீச்சர் அவள். இதைவிட எளிய கணக்கை அவள் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில்லை.

சாயங்காலம் மாமா ஷெட்டிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, அக்கா பொங்கல் துன்னுட்டுதான் ரத்தம் குடுத்துக்கினு இருந்துச்சு. ஒவ்வொரு தபாவும்."

"பொங்கலா? பிரசாதம்மா அது."

"அதான் மாமா."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் சொன்னாள். மெதுவாக, கரும்பலகையில் எழுதுவதுபோல ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். கிரீஸ் போகாத கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப டாக்டருக்குத் தெரிஞ்சிருந்தா?" என்றார்.

"தெரியல மாமா. முன்னாடியே ஸ்கேன் எடுத்திருப்பாரு. எடுத்தும் ஒண்ணும் செய்ய முடியாம போயிருக்கலாம். அந்தக் கொழுப்பு நெஜமாவே எதையாச்சும் சொல்லுமான்னே அவங்களுக்கு இன்னும் தெரியாது."

"யாரு மேல தப்பு?"

யார் மேல் என்று அவளுக்கும் தெரியவில்லை. கேட்டவள் சரியாகத்தான் கேட்டாள், சொன்னவள் உண்மையைத்தான் சொன்னாள். கோபப்படலாம் என்றால் அதற்கு ஒரு முகம் வேண்டும். பெருமாளைக் கேட்கலாம் என்றால், கொடுத்ததே அவர்.

"அவ சாமி கும்பிட்டத மட்டும் எதுவும் சொல்லாதம்மா" என்றார் மாமா. துண்டை எடுத்து, துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

டாக்டரிடம் சொல்லியாக வேண்டும் என்று அகிலாவுக்குத் தெரியும். அக்காவின் எண்கள் இன்னும் அந்த ஆராய்ச்சியில் மற்றவர்களின் எண்களோடு கிடக்கின்றன. நோய் முற்றும்போது கொழுப்பு இறங்கும் என்று அவை யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கும். பவ்யா இப்போதும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏமன்னா தின்னாரா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். எங்கிருந்தோ முதல் ரயிலில் வந்த யாரோ ஒருத்தி, வாயில் நெய் மணக்க, லேது என்பாள். போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. நேரில் போய்ச் சொல்ல வேண்டும். ஜாக்கெட்டைக் கொடுக்கப் போகிற சாக்கில் பவ்யாவிடம் முதலில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஆவணியும் வந்துவிட்டது, கல்யாணத்துக்கு அதிக நாள் இல்லை.

கொக்கி முடிக்காத ஜாக்கெட்டை எப்படிக் கொடுப்பது? ஞாயிற்றுக்கிழமை அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா தைத்த கொக்கிகள் கோணலாக இருந்தன. இழுத்துப் பார்த்தால் அசையவில்லை. ஒவ்வொன்றையும் தேவைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தாள். ஊசி துணியிலேயே குத்தி நின்றது, நூல் இன்னும் அறுக்கப்படாமல். அதைப் பிடித்து இழுத்தால் அக்கா நிறுத்திய இடத்திலிருந்து அகிலா தொடங்க வேண்டும். விரலை ஊசி வரைக்கும் கொண்டுபோனாள். ஊசி துரு ஏறத் தொடங்கியிருந்தது. மடித்துப் பையில் வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் எடுத்தாள், வைத்தாள். திருப்பதிக்குக் கிளம்பவில்லை.

மாம்பழ மஞ்சள் ஜாக்கெட்டுக்கு ஆறு கொக்கி. நாலு தைத்திருக்கிறது. ஐந்தாவது, இரண்டு வளையத்தில் ஒன்று மட்டும் நூலில் மாட்டி, தொங்குகிறது.